இருமலுக்கு ஒரு சீட்டு, பயத்துக்கு ஒரு சீட்டு

திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பக்கத்து மேன்ஷன்களில் தங்கியிருக்கும் தம்பிகளுக்கு,

நான் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னாலும் பின்னாலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசுவாரே, அந்த ஆள். உங்களில் சிலர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். பலர் வாசல்வரை வந்து, போர்டைப் படித்துவிட்டு, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறீர்கள். இந்த மடல் முக்கியமாகத் திரும்பிப் போனவர்களுக்கு.

வந்து உட்கார்ந்தவர்கள் பேச்சைத் தொடங்கும் விதம் அநேகமாக ஒன்றுதான். "ஒரு தப்பு நடந்துபோச்சு சார். அதுக்கப்புறம் இருமல் நிக்கவே இல்ல." தப்பு என்று அவர்கள் சொல்வது ஒரு பெண்ணோடு, சில சமயம் ஓர் ஆணோடு, கழிந்த ஓர் இரவு. பாண்டிச்சேரி டூராக இருக்கலாம், போனில் பழகியவராக இருக்கலாம், காசு கொடுத்துப் போனதாக இருக்கலாம். தப்பா சரியா என்று தீர்ப்புச் சொல்ல அரசாங்கம் எனக்குச் சம்பளம் தரவில்லை. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் போட்டிருக்கும் முடிச்சு இருக்கிறதே, அதை அவிழ்ப்பதுதான் என் வேலையில் பாதியாக இருந்தது. அந்த இரவுக்கு இருமலைச் சாட்சியாக நிறுத்துகிறீர்கள். இருமல் கூடினால் நோய் வந்துவிட்டது, குறைந்தால் தப்பித்தோம். இருமலோ அந்த வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத சாட்சி.

தூத்துக்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன். உட்கார்ந்ததும் ஒன்றும் பேசாமல் போனைத் திறந்து நீட்டினார். கேலரி முழுக்க அவருடைய தொண்டை. மெஸ்ஸில் எடுத்த எவர்சில்வர் ஸ்பூனால் நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டார்ச் போட்டு எடுத்த படங்கள். ஓரத்தில் கடைவாய்ப்பல் அடைப்பு மின்னுகிறது. விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "இது நேத்து ராத்திரி. இது இன்னிக்குக் காலைல. பின்னாடி வரிசையா கட்டி கட்டியா இருக்கு பாத்தீங்களா சார்?"

பார்த்தேன். அடிநாக்கில் தலைகீழ் 'வி' மாதிரி வரிசைகட்டி நிற்கும் சுவை மொட்டு முண்டுகள் அவை. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எல்லோருக்கும் உண்டு. யாரும் அவ்வளவு உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். சொன்னால் நம்பவில்லை. அதனால் என் நாக்கை என் போனிலேயே படம் எடுத்துக் காட்டினேன். என்னுடையவை அவருடையவற்றைவிடப் பெரிது. தம்பி வெலவெலத்துப் போய், "அப்போ உங்களுக்கும் இருக்கா சார்?" என்றார்.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. தினம் பத்து முறை ஸ்பூனால் குத்தி, நூறு முறை தொண்டையைச் செருமினால் எந்தத் தொண்டையும் சிவக்கும், கரகரக்கும். கரகரத்தால் மறுபடி செருமத் தோன்றும். கழுத்தை நாளெல்லாம் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தால் நெறி கட்டியதுபோல் வலிக்கவும் செய்யும். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கிறது, சோறு மட்டும் ஒழுங்காக இறங்குகிறது என்று சொல்பவர்களிடம் பெரும்பாலும் பதற்றமே அந்த அடைப்பு.

இருமலும் எய்ட்ஸும் நம் ஊரில் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஆனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் நீங்கள் கடந்துபோகும் தாம்பரம் சானடோரியம் நிறுத்தத்தில் இறங்கினால் அது தெரியும். 1928இல் டாக்டர் சவுரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். மருந்து இல்லாத காலம். நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. பிறகு மருந்துகள் வந்தன. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், காசநோயாளியை ஊரைவிட்டு ஒதுக்கிப் படுக்க வைக்கத் தேவையில்லை, வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று நிரூபித்தது. உலகம் முழுக்கச் சிகிச்சை முறையை மாற்றிய வேலை அது. நம் ஊரில் இதைக் கொண்டாடுகிறவர் குறைவு.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அடுத்து வந்த தொண்ணூறுகளில், வேறு இடங்களில் தொடவே தயங்கிய நோயாளிகள் போய்ச் சேர்ந்த இடம் தாம்பரம். எலும்பும் தோலுமாக, இருமி இருமி ஓய்ந்துபோனவர்கள். போஸ்டர், சினிமா, சுவர் விளம்பரம் எல்லாவற்றிலும் எய்ட்ஸ் என்றால் அந்த உருவம்தான். பிறகு விழிப்புணர்வு விளம்பரமாக 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று தமிழ்நாடு முழுக்கச் சுவர் சுவராகக் கேட்டார்கள். உங்களில் பலர் அப்போது டவுசர் போட்ட பையன்கள். கேள்வி மனதில் நின்றது, பதில் நிற்கவில்லை.

தாம்பரத்தில் கேட்ட இருமலுக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் காசநோய். எச்.ஐ.வி. தானாக யாரையும் மாதக்கணக்கில் இரும வைப்பதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் எட்டு, பத்து ஆண்டுகள்கூட ஆகும் அந்தக் கரைதலுக்கு. அப்படிக் கரையக் கரையத்தான் காசநோய், நிமோனியா, வாயில் வெள்ளைப் பூஞ்சை என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும். போன மாதம் பாண்டிச்சேரி போய்விட்டு இந்த மாதம் இருமுகிறவர் அந்தப் பாதையில் இல்லை. நாக்கில் காலையில் படியும் வெள்ளையும் அந்தப் பூஞ்சை இல்லை.

புதிதாக எச்.ஐ.வி. தொற்றினால் சிலருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, நெறி கட்டுதல் வரும். ஓரிரு வாரத்தில் தானாகப் போய்விடும். ஃப்ளூவும் ஏறக்குறைய இதையேதான் செய்யும். இன்னும் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றிய அடையாளமே தெரியாது. ஆகவே தொண்டை வலி வந்தது என்பதால் இருக்கிறது என்றும் ஆகாது, வரவில்லை என்பதால் இல்லை என்றும் ஆகாது. இந்தியாவில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் சுமார் 0.2 சதவீதம். முத்தத்தால் பரவாது. வாய்வழி உறவில் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆணுறை இல்லாத உறவு நடந்திருந்தால் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். இருமலை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் தொண்டைக்குப் பால்வினை நோய் வரவே வராதா என்று கேட்பீர்கள். வரும். வெட்டை என்று பெரியவர்கள் சொல்லும் கொனோரியா வாய்வழி உறவில் தொண்டைக்குப் போகும். கிளமிடியாவும் போகும். ஆனால் அவை தொண்டையில் இருக்கும்போது பெரும்பாலும் சத்தமே காட்டுவதில்லை. எப்போதாவது தொண்டை வலிக்கலாம். வாரக்கணக்கில் நீளும் இருமல் அவற்றின் குணம் அல்ல. சத்தம் போடும் இருமலுக்காகக் கிடந்து தவிக்கிறீர்கள். சத்தம் போடாமல் தங்கியிருப்பதைத் தேடுவதே இல்லை. தொண்டையில் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். சிறுநீர்ப் பரிசோதனை 'இல்லை' என்று வந்தால் அது தொண்டைக்குச் செல்லாது. உறவு எப்படி நடந்தது, ஆணோடா பெண்ணோடா என்று மருத்துவர் கேட்பதும் இதற்காகத்தான், வம்புக்கு அல்ல. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, வயது வந்த இருவர் மனமொத்து இருப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதும் இல்லை. தயங்காமல் சொல்லுங்கள்.

சிபிலிஸ் இன்னும் கமுக்கமான ஆள். உதட்டிலோ நாக்கிலோ வலியே இல்லாத ஒரு புண் வரும், சில வாரங்களில் தானாக ஆறிவிடும். 'சரியாப்போச்சு' என்று நீங்கள் நிம்மதியாகும் நேரத்தில் நோய் ரத்தத்தில் இருக்கும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பாகத் தலைகாட்டும். வி.டி.ஆர்.எல். என்ற மலிவான ரத்தப் பரிசோதனை போதும். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் பென்சிலின் ஊசி ஒரு தவணையில் குணமாக்கிவிடும். கல்யாணம் நிச்சயமானவர்கள் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைவரை போகிற நோய் இது.

இனி மெடிக்கல் கடை. இங்கேதான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும். இருமல் என்று போய் நின்றால் மூன்று நாள் மாத்திரை என்று அசித்ரோமைசினை எடுத்து நீட்டுகிறார்கள். அதே மாத்திரை பால்வினை நோய்க்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நீங்களும் வாங்கிப் போடுகிறீர்கள். கொனோரியாக் கிருமி அந்த மருந்துக்குப் பல இடங்களில் பழகிப்போய்விட்டது. தொண்டையில் இருப்பதோ எளிதில் கிளம்பாது, அதற்கு செஃப்ட்ரியாக்சோன் ஊசி வேண்டும். இன்னொரு கடையில் லெவோஃப்ளாக்சசின் தருவார்கள். அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும் மருந்து. நாலு நாள் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம், நோய் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று கூப்பிட்டு லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் வைத்தியர்களைப் பற்றி என்ன சொல்ல? இல்லாத நோயை முதலில் விற்றுவிட்டு, மருந்தைப் பிறகு விற்பார்கள்.

சரி, இருமல் எதனால்? நான் மருத்துவன் அல்ல. ஆனால் என்னிடமிருந்து மருத்துவர் அறைக்குப் போனவர்கள் என்ன தீர்ப்போடு திரும்பினார்கள் என்று தெரியும். பாதிப் பேருக்கு, வந்துபோன வைரஸ் சளியின் மிச்சம். சளி ஒரு வாரத்தில் போகும், இருமல் மட்டும் மூன்று வாரம், சமயத்தில் எட்டு வாரம்வரை இழுக்கும். எட்டு வாரத்தைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்டது என்பார்கள். சிகரெட் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம் என்றால் மூன்று பேர்மீதுதான் முதல் சந்தேகம்: மூக்கின் பின்பக்கமாகத் தொண்டையில் வடியும் சளி, வீசிங் இல்லாமல் இருமலாக மட்டும் வரும் ஆஸ்துமா, எதுக்களிப்பு. மூன்றாவதற்கு மேன்ஷன் வாழ்க்கையே ஏற்பாடு செய்து கொடுத்ததுபோல் இருக்கும். ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டாவை சால்னாவில் ஊறவைத்துச் சாப்பிட்டு, மேலே ஒரு பாட்டில் குளிர்பானம், அப்படியே கட்டிலில் சாய்வது. அமிலம் மேலே ஏறித் தொண்டையைச் சுடும். நெஞ்செரிச்சலே இல்லாமல் வெறும் கரகரப்பாகவும் வரும்.

ஊரில் அம்மாவிடம் இருமல் என்று சொன்னால் ஈஸ்னோஃபிலியாவாக இருக்கும் என்பார்கள். நம் பக்கத்துத் தாய்மார்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆங்கில நோய்ப் பெயர் அது. முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கொசு கொண்டுவரும் யானைக்கால் புழுவால் நடுராத்திரியில் வறட்டு இருமலும் இளைப்பும் வரும் ஒரு வகை இருக்கிறது. அதை வைங்கார்ட்டன் என்ற மருத்துவர் 1943இல் விவரித்தார். ரத்த அணு எண்ணிக்கை பார்த்தால் துப்புக் கிடைக்கும். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருப்பவர்களுக்குக் கொசுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிகரெட்டையும், ஹான்ஸ் புகையிலையை உதட்டுக்குள் அடக்குவதையும் பற்றித் தனியாகச் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலோ, வாயில் புண் ஆறாவிட்டாலோ, கழுத்தில் கட்டி வளர்ந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அந்த வயதில்லை எனக்கு என்று இருந்துவிடாதீர்கள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறு. பால்வினை நோய் பயத்தில் கிடப்பவர் தன் இருமலை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் அந்த இரவையும் சொல்ல வேண்டிவரும் என்று நினைக்கிறார். இரண்டு வாரம் மூன்றாகும், மூன்று ஏழாகும். எடை குறையும். பயத்தில் சாப்பிடவில்லை, அதனால் குறைகிறது என்று தனக்கே சமாதானம். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், ராத்திரி வேர்வை. ஃபேன் சரியில்லை என்பார். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியர். அது வர எந்த இரவும் தேவையில்லை. ஒரே அறையில் நாலு கட்டில், ஜன்னலை மறைத்து அடுக்கிய பெட்டிகள், இருமும் ஒரு ஆள், இவை போதும்.

அப்படி ஓர் அறைக்குப் போயிருக்கிறேன். நண்பர்கள் மிகவும் ஜாக்கிரதையாக, இருமுகிறவருக்கென்று தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருந்தார்கள். டம்ளரில் நகச்சாயத்தால் புள்ளிகூட வைத்திருந்தார்கள். ஜன்னல் மட்டும் புறா வருகிறது என்று அட்டை வைத்து அடைபட்டிருந்தது. காசநோய் காற்றில் பரவும் நோய். டம்ளரால் வராது. அட்டையை எடுத்தாலே பாதி ஆபத்து வெளியே போயிருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் அரசு மருத்துவமனை எதிலும் சளிப் பரிசோதனை இலவசம். மூலக்கூறு பரிசோதனை இருக்கும் இடங்களில் சில மணி நேரத்தில் முடிவு வரும், மருந்து கேட்குமா கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை. சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். காசநோய் உறுதியானால் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். எல்லாக் காசநோயாளிகளுக்கும் சொல்வது அது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

ஆக, இரண்டு சீட்டு. இருமலுக்கு ஒன்று, அந்த இரவுக்கு ஒன்று. இரண்டாவது சீட்டுக்கு நம்பிக்கை மையம். காசு கிடையாது. ஒரு பரிசோதனைக் கிட்டில் தொற்று இருக்கிறது என்று காட்டினால் வேறு இரண்டு கிட்டுகளிலும் சோதித்து உறுதி செய்யாமல் உங்களுக்கு முடிவு சொல்ல மாட்டார்கள். அந்த இரவிலிருந்து மூன்று மாதம் முடிந்து செய்த பரிசோதனை 'இல்லை' என்றால் விஷயம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் புதுப்புது லேபில் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவைப்பட்டது மனநல மருத்துவர், அதைச் சொன்னபோது சிலர் கோபித்துக்கொண்டார்கள். மூன்று மாதம் காத்திருக்க முடியாதவர்கள் முதலிலேயே ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கை முடிப்பது கடைசிப் பரிசோதனைதான். நடந்தது நேற்றோ முந்தாநாளோ என்றால் இந்த மடலை மடித்து வைத்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள், அது மூடியிருந்தால் அவசரப் பிரிவில் கேளுங்கள்.

யாருக்காவது தெரிந்துவிடுமே என்பதுதான் உங்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, உங்கள் முடிவை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, வேலை தருவதற்கு இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது. ஒருவேளை 'இருக்கிறது' என்றே வந்தாலும் தாம்பரத்தின் தொண்ணூறுகள் இப்போது இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உட்பட சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கி இலவசமாகக் கூட்டு மருந்து தருகிறார்கள். இன்று பெரும்பாலானவர்களுக்கு அது தினம் ஒரே ஒரு மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத நிலைக்கு வந்துவிட்டால் உறவின் மூலம் இன்னொருவருக்குப் பரவாது. அப்படிக் குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

நேரில் வந்து சொல்ல வாய் வரவில்லை என்றால் 1097க்குப் போன் போடுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை, தமிழில் பேசலாம்.

இனி இருமலுக்கான முதல் சீட்டு. பரிசோதனைக்குச் சளி கொடுப்பது எப்படி என்று தெரியாமல் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி வரச் சொன்னார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. காலையில் எழுந்ததும், டீக்கடைக்கு இறங்கும் முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். சளிக்காகக் கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள், அறைக்குள் வேண்டாம். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு இழுத்து அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து இருமி வருகிற கோழையை டப்பாவில் விடுங்கள். நுரையாகவும் தண்ணியாகவும் இருந்தால் அது எச்சில், இன்னொரு முறை முயலுங்கள். மூடியை இறுக்கி மூடி, பத்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் வரிசை நீளமாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆலோசகர் ஒருவர்